காது மெஷினைக் கழற்ற வேண்டாம்: உடலில் கருவியுள்ள குழந்தையோடு விமானம் ஏறும் முன்

என் அண்ணன் மகளுக்கு இரண்டரை வயதில், காது கேட்பதற்கான கருவியை உள்ளே வைக்கும் காக்ளியர் ஆபரேஷன் நடந்தது. இப்போது ஆறு வயது. கோபியிலிருந்து கோவைக்கு வாரம் இரண்டு முறை பஸ்ஸில் ஸ்பீச் தெரபிக்குப் போய்வந்து, முதலில் "த்தை" என்றும் பல மாதம் கழித்து "அத்தை" என்றும் என்னைக் கூப்பிடக் கற்றுக்கொண்டவள். போன வருடம் முதன்முதலாக விமானம் ஏறினாள். போகும்போது ஒரு சிக்கலும் இல்லை. திரும்பி வரும்போது, வேறொரு ஊரின் விமான நிலையத்தில், சோதனை செய்த பெண் காவலரின் கைக்கருவி அவள் காதருகே கூவியது. "அதைக் கழற்றி ட்ரேயில் வையுங்கள்" என்றார். அண்ணி பதற்றத்தில் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

மெஷின் காதில் இருந்தால்தான் அவளுக்குக் கேட்கும். கழற்றினால் ஒன்றுமே கேட்காது. அந்த நிமிடத்தை அவள் இடத்திலிருந்து பாருங்கள். யூனிஃபார்ம் போட்ட யாரோ ஒருவர் குனிந்து ஏதோ சொல்கிறார். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. கையைத் தூக்கச் சொல்கிறார் என்பது புரியவில்லை. உடம்பைத் தொடுகிறார். அம்மா இரண்டடி தள்ளி நின்று எதையோ சொல்கிறாள், அதுவும் கேட்கவில்லை. குழந்தை வீறிட்டு அழுதாள். ஊர் வந்து சேர்ந்த பிறகும் இரண்டு நாள் மெஷினை யாரும் தொட விடவில்லை, இரவில் சார்ஜ் போடக்கூட.

அந்தக் காவலர்மேல் எனக்குக் கோபம் இல்லை. காதுக்குப் பின்னால் ஒரு மின்கருவியைப் பார்த்தார், சோதிக்க நினைத்தார், அது அவர் வேலை. நாங்கள் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடந்திருக்காது என்பதுதான் என்னை உறுத்தியது. அதற்கப்புறம் செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்டிடம் கேட்டேன், தெரபிக்குக் காத்திருக்கும் இடத்தில் மற்ற பெற்றோரிடம் கேட்டேன், கருவி தயாரிப்பாளர்கள் தரும் கையேடுகளைப் படித்தேன். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கும் சார்ஜாவுக்கும் நேராக விமானம் போகிற காலம் இது. முன்பு வசதியானவர்கள் வீட்டுக் குழந்தைகள் மட்டும் ஏறிய விமானத்தில், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட குழந்தையும் சித்தப்பாவைப் பார்க்கப் போகிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்தத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். அப்படிப்பட்ட குழந்தைகள் கொங்கு ஊர்களில் நிறையப் பேர் வளர்ந்து வருகிறார்கள்.

முதலில் அந்தக் கதவு. நாம் நடந்து கடக்கிற மெட்டல் டிடெக்டருக்குள் இருபுறமும் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. அவற்றில் மின்சாரம் விட்டுவிட்டுப் பாய்ந்து, நடுவில் லேசான காந்தப்புலம் உண்டாகிறது. மின்சாரம் கடத்தும் பொருள் அதற்குள் வந்தால், அந்தப் பொருளில் சிறு சுழல் மின்னோட்டம் எழும். அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். இந்த மாற்றத்தைச் சுருள்கள் உணர்ந்தவுடன் பீப் அடிக்கிறது. கையில் பிடிக்கிற கருவியும் இதே வேலையைச் சின்ன அளவில் செய்கிறது. இரண்டிலும் எக்ஸ்ரே கிடையாது. எக்ஸ்ரே இருப்பது பைகள் போகிற பெட்டியில் மட்டும்தான். "ஸ்கேன் பண்றாங்க" என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைச் சொல்லிப் பழகியதால்தான் பல பெற்றோர் கதவைக் கண்டே பயப்படுகிறார்கள்.

உலோகங்களிலேயே மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. குழந்தை உடம்பில் வைக்கும் கருவிகளின் கூடு பெரும்பாலும் டைட்டானியம். அது மின்சாரத்தைச் சுமாராகத்தான் கடத்தும், காந்தத்தில் ஒட்டாது. அதனால் உள்ளே இருக்கும் கருவியைவிட, மேலே கிடக்கும் நகைதான் முந்திக்கொண்டு கூவும். நம் பக்கத்துக் குழந்தையின் உடம்பை நினைத்துப் பாருங்கள். சேலத்து வெள்ளிக் கொலுசு, இடுப்பில் அர்ணாக்கொடி, அதில் கோத்த தாயத்து, கையில் காப்பு. பாதிக் குழந்தைகளுக்கு நகை போட்டிருப்பதே நமக்கு நினைவிருக்காது, பிறந்ததிலிருந்து கிடக்கிறதல்லவா. கதவு கூவும், உடனே நாம் "ஏனுங்க, குழந்தைக்கு ஆபரேஷன் பண்ணியிருக்குங்க" என்று பதறுவோம், சத்தம் போட்டது கொலுசாக இருக்கும். அவர்கள் குழந்தையின் உடம்பெல்லாம் கருவியை ஓட்டித் தேடுவார்கள். ஆகவே பயணத்தன்று வெள்ளியை எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுவது நல்லது. அப்புறம் எங்கே கூவினாலும் அது கருவிதான் என்று கைநீட்டிக் காட்டலாம். அர்ணாக்கொடியைக் கழற்றக் கூடாது என்று அம்மாயி சொன்னால், அன்றைக்கு மட்டும் கறுப்புக் கயிறு கட்டுங்கள்.

காக்ளியர் கருவிக்கு வருகிறேன். அதில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று தோலுக்கு அடியில், காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் பதிந்திருப்பது. அதிலிருந்து மெல்லிய மின்முனை இழை நத்தை வடிவ உள்காதுக்குள் போகிறது. இன்னொன்று வெளியே: காதில் மாட்டும் மெஷின், தலையில் ஒட்டிக்கொள்ளும் வட்டமான காயில். உள்ளே ஒரு காந்தம், காயிலில் ஒரு காந்தம்; தோலை நடுவில் வைத்து இரண்டும் பற்றிக்கொள்கின்றன. மெட்டல் டிடெக்டர் கதவு உள்பாகத்தைக் கெடுப்பதில்லை. வெளிமெஷினைப் போட்டுக்கொண்டே அதைக் கடக்கலாம். கடக்கும்போது குழந்தைக்கு 'உஸ்' என்றோ 'ங்ங்' என்றோ ஓர் இரைச்சல் கேட்கலாம். கைக்கருவியைக் காதருகே கொண்டுவரும்போதும் அப்படித்தான். ஆபத்து இல்லை, ஆனால் எதிர்பாராமல் கேட்டால் குழந்தை அரண்டுபோகும். "இப்ப ஒரு சத்தம் வரும் கண்ணு, உடனே போயிரும்" என்று முன்னாடியே சொல்லி வைத்தால் போதும். இந்த ஒரு வரியை அவளிடம் சொல்ல முடிவதே அந்த மெஷின் காதில் இருப்பதால்தானே. சோதனையின்போது அதைக் கழற்றக் கூடாது என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணமும் இதுதான்.

மெஷினைத் தனியாகப் பார்க்கத்தான் வேண்டும் என்று காவலர் சொன்னால் என்ன செய்வது? துணித்துண்டால் துடைத்து வெடிமருந்துத் தடயம் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி நம் விமான நிலையங்களிலும் உண்டு. காதில் இருக்கும்போதே மெஷினை அப்படித் துடைத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அமெரிக்காவில் இன்சுலின் பம்ப் கட்டியிருப்பவர்களை, பம்பைத் தாங்களே கையால் தொட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, அந்தக் கையைத் துடைத்துப் பார்க்கிறார்கள். கருவியைக் கழற்றாமலே சோதிக்க வழி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். கழற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பேச வேண்டியதை எல்லாம் குழந்தையிடம் பேசி முடித்துவிட்டுக் கழற்றுங்கள். உங்கள் கையிலேயே வைத்திருங்கள். பல லட்சம் பெறுகிற பொருள், பெல்ட்டும் சில்லறையும் கிடக்கிற ட்ரேயில் உருள வேண்டியதில்லை. கூடுதல் பேட்டரி, காயில், உலர்பெட்டி எல்லாம் கையோடு கொண்டுபோகும் பையில்தான் இருக்க வேண்டும். உதிரி லித்தியம் பேட்டரியை விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் போட விதிப்படியே அனுமதி இல்லை.

பேஸ்மேக்கர் வைத்த குழந்தைகளின் கதை வேறு. தெரபி வளாகத்தில் பழக்கமான ஒரு தாய், தாராபுரம் பக்கத்துக்காரர், தன் மகனைப் பற்றிச் சொல்லும்போதுதான் எனக்கே தெரியவந்தது: சின்னக் குழந்தைகளுக்குப் பேஸ்மேக்கர் பெட்டியைப் பெரும்பாலும் நெஞ்சில் வைப்பதில்லை, வயிற்றில் வைக்கிறார்கள். குழந்தையின் ரத்தக்குழாய் ஒயர் நுழைக்கப் போதாத அளவு சிறியது. வளர வளர ஒயர் இழுபடும் என்ற கவலையும் உண்டு. அதனால் இதயத்தின் வெளிப்பரப்பில் ஒயரைத் தைத்து, பெட்டியை வயிற்றுத் தசைக்கு அடியில் பதிக்கிறார்கள். வளர்ந்தபின் காறையெலும்புக்குக் கீழே மாற்றுவார்கள்.

காவலர்களுக்குப் பெரியவர்களைச் சோதித்த பழக்கம்தான் அதிகம். "பேஸ்மேக்கர்" என்று நீங்கள் சொன்னதும் அவர் பார்வை குழந்தையின் இடது நெஞ்சுக்குப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. கைக்கருவி வயிற்றில் கூவும். அதுவும் எங்கே? அர்ணாக்கொடி கிடக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே. அம்மா "கொடிங்க" என்பார், காவலர் கொடியை ஒதுக்கிவிட்டு மறுபடி ஓட்டுவார், மறுபடி கூவும், மறுபடி ஓட்டுவார். தவிர்க்க வேண்டியது இந்த மறுபடி மறுபடி ஓட்டுவதைத்தான். கதவைப் பொறுத்தவரை இதய மருத்துவர்கள் சொல்வது எளிது: சாதாரணமாக நடந்து கடந்துவிடுங்கள், அதில் சாய்ந்து நிற்காதீர்கள், உள்ளே நின்று பேசிக்கொண்டிருக்காதீர்கள். கைக்கருவியைப் பெட்டிக்கு நேராக அப்படியே பிடித்துக்கொண்டிருக்கவோ, திரும்பத் திரும்ப அதன்மேல் ஓட்டவோ வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். பேஸ்மேக்கர் இதயத்தின் மெல்லிய மின்துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கும் கருவி. வெளியிலிருந்து வரும் மின்காந்தக் குறிப்பை இதயத்தின் துடிப்பு என்று அது தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இந்தக் கவனம். அபாயம் மிகச் சிறியது. ஜெர்மனியிலும் கிரீஸிலும் இப்படிப்பட்ட கருவி வைத்த 388 பேரிடம் கைக்கருவியை வைத்துச் சோதித்துப் பார்த்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில் கருவி தடுமாறிய ஒரு நிகழ்வுகூட இல்லை. ஆகவே பயப்பட வேண்டாம். ஆனாலும் "கையால தடவிப் பார்த்துக்கங்க, மெஷின் வேண்டாம்" என்று கேட்பதில் தப்பும் இல்லை.

வெளிநாட்டுக் கையேடுகளில் கதவைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். அங்கெல்லாம் கதவு கூவினால்தான் கைக்கருவி வரும். நம் நாட்டில் கதவைக் கடந்தபின் ஒவ்வொருவரையும் சிறு மேடையில் நிற்க வைத்துக் கைக்கருவியால் பார்க்கிறார்கள். பெண்களையும் பெண்குழந்தைகளையும் திரை போட்ட அறைக்குள் பெண் காவலர் பார்ப்பார். கதவு கூவாவிட்டாலும் கைக்கருவி உண்டு. ஆகவே நம் பெற்றோர் யோசிக்க வேண்டியது அந்த மேடையைப் பற்றித்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலும்பு முறிவுக்கோ முதுகு வளைவுக்கோ வைத்த பிளேட், கம்பி, திருகு இவற்றுக்கு எந்தக் கருவியாலும் கெடுதல் இல்லை. கூவலாம், கூவாமலும் போகலாம், அவ்வளவே. இதயத்தில் ஓட்டை அடைக்க வைத்த குடை போன்ற சாதனமும் அப்படித்தான், பெரும்பாலும் சத்தமே வராது. தலையில் நீர் கோத்ததற்காக 'ட்யூப்' வைத்த குழந்தைகளில் சிலருக்கு, நீர் வடியும் அளவைக் காந்தத்தால் மாற்றக்கூடிய வால்வு இருக்கும். விமான நிலையக் கதவு அதன் அளவை மாற்றுவதில்லை. வீட்டில் கிடக்கும் காந்தப் பொம்மையும் ஹெட்போனும்தான் அந்த வால்வுக்கு உண்மையான எதிரி. வலிப்புக்காக நெஞ்சில் நரம்புத் தூண்டி வைத்த குழந்தைக்குப் பேஸ்மேக்கருக்குச் சொன்ன கவனமே பொருந்தும். இன்சுலின் பம்பும் சர்க்கரை அளக்கும் சென்சாரும் உள்ளே வைப்பவை அல்ல, உடம்பில் ஒட்டியிருப்பவை. மெட்டல் டிடெக்டரைக் கடப்பதில் அவற்றுக்குச் சிக்கல் இல்லை. பல தயாரிப்பாளர்கள் எக்ஸ்ரே பெட்டிக்குள் போடக் கூடாது என்கிறார்கள், உடல் ஸ்கேனரையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். உங்கள் மாடலின் கையேட்டைப் பாருங்கள்.

உடல் ஸ்கேனர் என்றேன். கண்ணாடிக் கூண்டு மாதிரி, கையைத் தூக்கி நிற்கச் சொல்வார்களே, அது. நம் நாட்டு விமான நிலையங்களில் அதை வைக்கச் சொல்லிச் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் 2019-இல் அறிவுறுத்தியது. வெளிநாடு போனால் பல இடங்களில் பார்ப்பீர்கள். இப்போது உள்ளவை மில்லிமீட்டர் அலையில் வேலை செய்கின்றன, எக்ஸ்ரேயில் அல்ல. அந்த அலை துணியைத் தாண்டும், தோலைத் தாண்டாது. அதாவது உள்ளே வைத்த பேஸ்மேக்கரையோ கம்பியையோ அது பார்ப்பதே இல்லை. தோலுக்கு வெளியே இருக்கிற காது மெஷினையும் காயிலையும் மட்டும் திரையில் கட்டம் போட்டுக் காட்டும். காக்ளியர் குழந்தைக்கு அந்தக் கூண்டில் மெஷின் இருக்கும் இடத்தில் கட்டம் வந்தால், ஏதோ தவறு கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதே ஆண்டில், மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷை 2012-இல் விமானத்திலிருந்து இறக்கிவிட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2021-இல் நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஒவ்வொரு முறையும் விமான நிலையத்தில் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று மனம் நொந்து ஒரு வீடியோ வெளியிட்டார். 1981-இல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்தில் காலை இழந்து, மறுபடி மேடையேறி ஆடியவர் அவர். மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை அவரிடம் வருத்தம் தெரிவித்தது. 2022 மே மாதம் ராஞ்சியில் சிறப்புத் தேவையுள்ள ஒரு சிறுவனை விமானத்தில் ஏற்ற மறுத்த நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. மருத்துவரைக் கேட்காமல் விமான நிறுவனமே முடிவெடுத்து ஒருவரை மறுக்கக் கூடாது என்று அந்த ஆண்டே விதியைத் திருத்தினார்கள். இவை பெரியவர்கள் குரல் கொடுத்ததாலோ பக்கத்தில் நின்றவர்கள் எழுதியதாலோ வந்த மாற்றங்கள். ஆறு வயதுக் குழந்தையால் வீடியோ போட முடியாது. அதற்காக நாம்தான் பேச வேண்டும். தனியறையில் சோதிக்கும்படி கேட்கலாம். அம்மாவோ அப்பாவோ கூடவே இருப்பதாகச் சொல்லலாம்.

எப்போது பேசுவது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று எனக்குப் படுகிறது. கூவியதற்கு அப்புறம் சொன்னால் அது சாக்கு மாதிரி ஒலிக்கிறது. கூவுவதற்கு முன்னால் சொன்னால் தகவல். வரிசையில் உங்கள் முறை வரும்போதே, குழந்தையை மேடைக்கு அனுப்புவதற்கு முன்பே, கருவி இருக்கிற இடத்தைக் கையால் காட்டிச் சொல்லிவிடுங்கள். காவலர்கள் இந்தியா முழுவதிலுமிருந்து வருகிறவர்கள், எல்லாருக்கும் தமிழ் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. நம் ஊர்க்காரர்கள் பலர் அங்கே வாயடைத்து நிற்பது இதனால்தான். கருவி தயாரித்தவர்கள் கொடுக்கும் அடையாள அட்டை இருக்கும், ஆனால் அதில் மாடல் எண்ணும் மருத்துவமனைப் பெயரும்தான் பெரிதாக இருக்கும். நாங்கள் தனியாக ஒரு சின்ன அட்டை எழுதி லேமினேட் செய்தோம். ஆங்கிலத்திலும் இந்தியிலும் தமிழிலும் மூன்றே வரி: 'இந்தக் குழந்தைக்குக் காது கேட்காது. இந்தக் கருவியால்தான் கேட்கும். தயவுசெய்து கழற்றச் சொல்ல வேண்டாம், காதில் இருக்கும்போதே சோதித்துக்கொள்ளுங்கள்.' கீழே ஒரு தலைப்படம், கருவி எங்கே இருக்கிறது என்று அம்புக்குறி. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் சேர்த்து நீட்டினோம். அடுத்த பயணத்தில் அதைப் படித்த பெண் காவலர் தலையாட்டிவிட்டு, குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, காதுப் பக்கம் கருவியைக் கொண்டுபோகாமலே முடித்தார். அவள் அவருக்கு டாட்டா காட்டினாள். அண்ணி அங்கேயே அழுதுவிட்டார்.

அந்தப் பயணத்துக்கு முன் நாங்கள் செய்த இன்னொரு வேலை, கோவையில் ஒரு மாலுக்கு அவளைக் கூட்டிப்போனது. அங்கேயும் வாசலில் இதே கதவு, இதே கைக்கருவி. அவசரமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கூட்டமில்லாத நேரம். முதலில் அத்தை கடந்தேன், அப்புறம் அவள் பொம்மை கடந்தது, அப்புறம் அவள். நான்கு தடவை போய்வந்தோம். காவலுக்கு நின்ற பெரியவர், "வா சாமி, இன்னொருக்கா வா" என்று அவரே கூப்பிட்டார். பெரிய துணிக்கடைகளின் வாசலில் திருட்டைப் பிடிக்க வைத்திருக்கும் கம்பங்களும் மின்காந்தப் புலத்தில் வேலை செய்பவைதான். அங்கேயும் இரைச்சல் வரலாம் என்று அவளுக்கு இப்போது தெரியும்.

சிங்கப்பூரிலிருந்து திரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். அங்குள்ள சாங்கி விமான நிலையத்தில் பெரும்பாலான முனையங்களில் பாதுகாப்புச் சோதனை உள்ளே நுழையும்போது நடப்பதில்லை, விமானம் ஏறும் வாசலிலேயே நடக்கும். கடைகளைச் சுற்றிவிட்டுக் கடைசி நேரத்தில் அங்கே போனால், பின்னால் ஒரு விமானக் கூட்டமே நிற்கும்போது அட்டையை நீட்டி விளக்க வேண்டியிருக்கும். அவசரத்தில் யாரும் மூன்று வரி படிக்க மாட்டார்கள். வாசல் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றுவிடுங்கள்.

அட்டையின் மூலையில் தேதி போடுங்கள். காது மெஷினைச் சில வருடத்தில் புது மாடலாக மாற்றுவார்கள், உருவம் வேறாகிவிடும். தாராபுரம் பையனுக்குப் பேட்டரி தீரும்போது பெட்டியையே மாற்ற வேண்டும். அவன் வளர்ந்துவிட்டால் அது வயிற்றிலிருந்து நெஞ்சுக்குப் போய்விடும். அன்றைக்கு அம்புக்குறியும் இடம் மாற வேண்டும். பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதிவிடுங்கள்.